செவ்வாய் ஒதுங்கி நின்ற படம்

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது புரியும். ஒரு ஃபிலிம் சுருளில் பன்னிரண்டு படம்தான் என்று தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நாம். இப்போது குற்றாலத்துக்குப் போனால் ஒரே ஆளை நாற்பது படம் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நான் சொல்ல வந்தது பொறாமையைப் பற்றி. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த ஒரு சாரல் காலத்தில் என் சித்தி மகள் மேல் எனக்கு வந்த பொறாமை. வயிற்றெரிச்சல் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அவளுக்கும் எனக்கும் மூன்று மாதம்தான் வித்தியாசம். நான்தான் மூத்தவள். எங்கள் வீடு தென்காசியில், அவர்கள் வீடு இலஞ்சியில். சித்தப்பா துபாயில் இருந்தார். அவர் லீவில் வரும்போதெல்லாம் சென்ட் பாட்டில், சோப்பு, வழுவழுப்பான சேலை என்று பெட்டி நிறைய வரும். எங்களுக்கும் பங்கு உண்டு. சோப்பை மோந்து பார்த்துவிட்டு நான் பொறுத்துக்கொண்டேன். அந்த ஆனி மாதம் பெட்டியிலிருந்து கேமரா வந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால் அதுவரை குடும்பத்தில் கேமராக்காரி நான். அப்பா யாரிடமோ பழசாக வாங்கிய பெட்டிக் கேமரா ஒன்று என் வசம் இருந்தது. இடுப்புக்கு நேராகப் பிடித்து, மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். அதில் வலப்பக்கம் நிற்பவர் இடப்பக்கம் தெரிவார். தோல் வாரில் எப்போதும் ஒரு பழைய செருப்பு வாடை. வெயில் இருந்தால்தான் படம். தென்காசியில் ஆனி ஆடியில் வெயில் வரும், ஆனால் உட்காராது. கோயில் வாசலில் காற்று ஆளைத் தள்ளும், மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும், அடுத்த நிமிஷம் மாவு சலித்த மாதிரி சாரல் விழும். நான் கேமராவோடு வாசலுக்கும் புறவாசலுக்கும் அலைவேன்.

சும்மா அலையவில்லை. அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து, அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் ஆளை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைப் பிடித்து அடுக்களைக்குள் அடித்துப் பார்த்திருக்கிறேன், அம்மா என்னையும் அடித்தாள். உச்சி வெயிலில் எடுத்தால் கண் இரண்டும் குழியாகிவிடும். சாரல் நின்று, மேகம் மெலிந்து, வெயில் வருமா வராதா என்று இருக்கிற பத்து நிமிஷம் இருக்கிறதே, அதுதான் முகத்துக்கு நல்ல நேரம். இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது. கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

சித்தி மகளுக்கு இது ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவள் கேமரா உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு பொத்தானைத் தள்ளினால் மேலேயிருந்து பிளாஷ் துள்ளி எழும். காதோரம் கொசு வந்த மாதிரி கீ என்று ஒரு சத்தம். சத்தம் ஓய்ந்து சின்னதாக ஒரு விளக்கு எரிந்தால் தயார். பட்டென்று ஒரு அடி. இருட்டு அறையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பூனை கூடப் படத்தில் விழுந்துவிடும். முப்பத்தாறு படம் வேறு. அவள் எடுத்த படங்களில் எல்லோரும் கோதுமை மாவில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி இருந்தார்கள், பின்சுவரில் ஆளுக்கொரு கறுப்பு நிழல் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும், "எம்மா, என்ன வெள்ளையா இருக்கேன் பாரு" என்று பூரித்துப்போனார்கள்.

ஒரு சனிக்கிழமை இலஞ்சிக்குப் போயிருந்தபோது, காலையிலிருந்து அவள் பின்னாலேயே திரிந்து கெஞ்சினேன். சாயங்காலம் மனசு இரங்கினாள். "ஒண்ணே ஒண்ணுதான்ட்டி. கட்டை தீந்துரும்" என்றாள். பேட்டரிக் கட்டையைச் சொன்னாள். தோப்பில் ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது. நல்ல சாரல். பிளாஷை எழுப்பி அமுக்கினேன். அந்த ஒரு கணம், விழுந்துகொண்டிருந்த துளியெல்லாம் அப்படியே காற்றில் நின்றது போல இருந்தது. இந்தக் கேமரா மட்டும் என்னுடையதாக இருந்தால் என்று நினைத்தேன். அன்றிரவு சோறு இறங்கவில்லை.

சுருள் முடிந்ததும் எங்கள் தெருமுனை ஸ்டுடியோவில்தான் கழுவக் கொடுத்தார்கள். பக்கம் என்பதால் வாங்கப் போனது நான். கன்றுக்குட்டி இருக்க வேண்டிய படத்தில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். நடுவில் எங்கேயோ இரண்டு கண் மட்டும் மினுங்கியது. ஸ்டுடியோ அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"சாரலுக்குள்ள பிளாஷ் போட்டியாட்டி?"

"ஆமா அண்ணாச்சி."

"அதான். கேமராவுக்குக் கிட்ட கெடக்க துளியெல்லாம் அந்த வெளிச்சத்தத் திருப்பி அடிச்சிரும். உருண்ட உருண்டையாத்தான் விழும். சாரல்ல பிளாஷ அமத்திரணும். ஒங்க சித்தி மகட்டயும் சொல்லிரு, பாவம், சுருள வீணாக்கிராம."

சரி என்று தலையாட்டினேன். அந்தப் படத்தை மட்டும் உருவி கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். சித்தி மகள் கவரைப் பிரித்து எண்ணினாள். "ஒன் கன்னுக்குட்டி எங்கட்டி?"

"அது விழல."

"எனக்கு முப்பத்தஞ்சும் விழுந்திருக்கு. ஒனக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்தேன், அதையும் விழவைக்கத் தெரியல" என்று சிரித்தாள். சித்தியும் சிரித்தாள். அண்ணாச்சி சொல்லச் சொன்னதைச் சொல்லத்தான் இருந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

இதற்கு நடுவில் எங்கள் வீட்டில் வேறொரு பெரிய காரியம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு இருபது வயது, டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தாள். புளியங்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருக்கிற குடும்பம், பையன் பட்டாளத்தில். ஒரு கல்யாண வீட்டில் அக்காவை அவன் அம்மா பார்த்துப் பிடித்துப்போய்க் கேட்டார்கள். அந்தப் பந்தியில் பையன் சாம்பார் வாளியோடு வந்ததை அக்காவும் பார்த்திருந்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், சாம்பாருக்குப் பிறகு வந்த எதையும் அக்கா தொடவில்லை. பாயசத்தைக்கூட நான்தான் குடித்தேன்.

ஆனால் அக்கா ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருந்தது. பையன் ஜாதகத்தில் இல்லை. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அந்த அம்மா மட்டும் விடவில்லை. "பொண்ணு படம் ஒண்ணு குடுங்க. மகனுக்கு அனுப்பிப் பாக்கேன், பொறவு பேசுவோம்" என்று சொல்லிவிட்டிருந்தார்கள். ஸ்டுடியோப் படம் வேண்டாம், அதில் எல்லாரும் ஒரே மாதிரி முழிக்கிறார்கள், சாதாரணமாக எடுத்தது வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

இது எனக்கென்று வந்த வேலை என்று நினைத்தேன். ஒரு வாரம் காத்துக் கிடந்து, சாரல் ஓய்ந்த ஒரு பத்து நிமிஷத்தில் அக்காவை நிலைப்படியில் உட்கார வைத்து, ஒற்றைக் கதவை மட்டும் திறந்து எடுத்தேன். வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்து மூக்குத்தியில் நின்றது. மற்றக் கன்னம் மெல்ல மெல்ல நிழலுக்குள் போனது. அண்ணாச்சி அந்தப் படத்தைக் கையில் தரும்போது, "யாருட்டி எடுத்தா?" என்று இரண்டு தரம் கேட்டார். நான் ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

அம்மா பார்த்தாள். "என்ன இது, பாதி மூஞ்சில கரி அப்புன மாதிரி கெடக்கு? இத அனுப்பினா புள்ளைக்கு ஒரு கண்ணு இல்லன்னு நெனச்சிருவாங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எனக்காகப் பேசுவாள் என்று இருந்தேன். "சித்தி மக அவ கேமராவுல எடுக்கட்டும்மா. அதுல நல்ல வெளிச்சமா விழுது" என்றாள் அக்கா. என் சொந்த அக்கா. அம்மா சொன்னாள், சித்தி சொன்னாள் என்றால் போகிறது. இவள் சொன்னது இன்றைக்கும் எனக்கு எரிகிறது. பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போன்ற படம் அது. பழைய பேப்பர் கட்டோடு எந்தக் கடைக்குப் போனதோ, இன்று என்னிடம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனோம். அருவி பின்னால் தெரிய அக்காவை நிறுத்தி எடுக்க வேண்டும் என்பது சித்தியின் யோசனை. அம்மா, சித்தி, அக்கா, சித்தி மகள், நான். என் பெட்டிக் கேமராவை எடுத்தபோது, "அது எதுக்கு, நனைஞ்சு தொலையும்" என்று அம்மா வாங்கி வைத்துவிட்டாள். பேரருவியில் தண்ணீர் செக்கச்செவேலென்று கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் வாடை, ஈரத் துணி வாடை, தேய்த்துவிடுகிறவர்கள் ஆளைக் கூப்பிடுகிற சத்தம். சித்தி மகள் பஸ்ஸிலிருந்து இறங்கிய நேரம் முதல் குரங்கு குரங்காக எடுத்துத் தள்ளி, கடைசியில் ஒரே ஒரு படம்தான் பாக்கி என்று வந்து நின்றாள்.

அக்கா சித்தி கொடுத்த துபாய்ச் சேலையில் நின்றாள். மேலே நல்ல இருட்டு. அருவித் திவலையும் சாரலும் சேர்ந்து காற்றில் பறந்துகொண்டிருந்தது. சித்தி மகள் பொத்தானைத் தள்ளினாள். பிளாஷ் எழுந்தது. கீ என்று சத்தம் ஆரம்பித்தது.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அமத்திரு என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

"ஏட்டி, நீ தள்ளி நில்லு. ஒன் நெழலு விழுது" என்றாள் அவள்.

வெயிலே இல்லாத இடத்தில் என் நிழல் எப்படி விழும்? வெளிச்சம் என்றால் என்னவென்றே தெரியாதவள் என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றேன். பட்டென்று அடித்தது. திரும்பி வரும்போது நேந்திரங்காய் வற்றல் வாங்கினார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ருசியாக நான் தின்றதில்லை.

மூன்று நாள் கழித்து, டைப்ரைட்டிங் முடிந்து வருகிற வழியில் அக்காவே படத்தை வாங்கி வந்தாள். ஒன்றும் சொல்லாமல் கவரை அம்மா கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். சித்தியும் அவள் மகளும் வந்திருந்தார்கள். குரங்கெல்லாம் தள்ளிக் கடைசிப் படத்துக்கு வந்ததும் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அக்காவின் முகம் நடுவில் இருந்தது. அதைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வெள்ளை உருண்டை.

"ஒரு படம் கேட்டாங்க, அதுவும் இப்படி ஆயிட்டே" என்று அம்மா அழுதாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சித்தி மகளின் முகம் சுருங்கிப்போனதை ஆசை தீரப் பார்த்தேன். இனி என் பெட்டிக் கேமராவுக்கு ஆள் அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன்.

சித்தி லேசுப்பட்ட ஆளில்லை. மகளுக்குக் கெட்ட பெயர் வர விடுவாளா? படத்தை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

"யக்கா, அழாத. இங்கன பாரு. ஒம்போது இருக்கு."

"என்னது ஒம்போது?"

"உருண்டதான். நவகிரகம்க்கா!"

"நாப்பதுக்கு மேல இருக்கு சித்தி" என்றேன் நான்.

"சின்னத விடுட்டி. அதெல்லாம் நச்சத்திரம்" என்றாள் சித்தி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்தா, இந்த மூலையில ஒருத்தன் தனியா நிக்கான் பாரு. புள்ளைய விட்டுத் தள்ளி. இவன் யாருன்னு நெனைக்க? செவ்வாய்க்கா. ஒதுங்கிட்டான்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மறுபடி துடைத்துக்கொண்டு பார்த்தாள். எழுந்து போய்ச் சூடன் கொளுத்திக்கொண்டு வந்தாள். என் கன்றுக்குட்டிக்கு உருண்டை விழுந்தபோது எடுக்கத் தெரியாதவள் எடுத்தது, அவளுக்கு விழுந்தால் நவகிரகம்! நீங்களே சொல்லுங்கள், வயிறு எரியுமா எரியாதா?

அந்தப் படத்தையே புளியங்குடிக்குக் கொடுத்து அனுப்பினார்கள். அங்கே அவர்கள் ஜோசியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஒதுங்கித்தான் நிற்கிறான் என்று சொல்லிவிட்டாராம். முகம் சுளித்த பெரியவர்கள் வாயடைத்துப்போனார்கள். பையனிடமிருந்தும் சம்மதக் கடிதம் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மா சொந்தக்காரர்களோடு பூ வைக்க வந்துவிட்டார்கள். ஒரு சாக்கு எலுமிச்சை முன்கூடமான பட்டாசலில் வந்து இறங்கியது. வீடெல்லாம் வாசம்.

அக்காவுக்குப் பூ வைத்த கையோடு அந்த அம்மா கேட்டார்கள், "படம் எடுத்த கொழந்த யாரு மைனி?"

சித்தி மகளை முன்னால் தள்ளினார்கள். அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி, தன் தலையிலிருந்த பிச்சிப்பூவைக் கிள்ளி அவள் தலையில் வைத்தார்கள். "நல்ல கைம்மா ஒனக்கு. ஒன் கண்ணுக்கு மட்டும் காட்டிருக்கு பாரு."

அவ்வளவுதான். உள்ளே போய்க் கணக்கு நோட்டிலிருந்து கன்றுக்குட்டிப் படத்தை எடுத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பது தயாராக இருந்தது. எங்க கன்னுக்குட்டிக்கும் நவகிரகம் வந்திருக்கு, அதுக்கும் செவ்வாய் தோஷமா? அதைச் சொன்னால் அவள் தலைப் பூ இறங்கிவிடும். படத்தைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு பட்டாசலுக்கு வந்தேன்.

அக்கா குனிந்திருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகம் சிவந்து, கண் நனைந்து, அப்படி ஒரு சந்தோஷத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை. ஓரத்தில் அந்த முகம் சுளித்த பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது பன்னிரண்டு வயதுக்கும் தெரிந்தது. நான் அப்படியே திரும்பி, புறவாசலில் வெந்நீர் அண்டாவுக்கு அடியில் எரிந்த தென்னமட்டைக்குள் படத்தைப் போட்டேன். ஓரம் சுருண்டு, நவகிரகமும் கன்றுக்குட்டியும் கறுத்துப்போயின. உட்கார்ந்து அழுதேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சித்தி மகளுக்கு அந்தச் சாரல் முழுவதும் ஓய்வில்லை. செவ்வாய் உள்ள பெண்களை அருவிக்கரைக்குக் கூட்டிவந்து அவளை எடுக்கச் சொன்னார்கள். அடுத்த வருஷம் ஸ்டுடியோ அண்ணாச்சியே பிளாஷோடு அங்கே போய் நின்றார். என்னைக் கண்டால் மட்டும் வேறு பக்கம் பார்ப்பார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

அந்தப் படம் இன்றும் புளியங்குடியில் அக்கா வீட்டுப் பூஜை அறையில் பொட்டு வைத்துத் தொங்குகிறது. அத்தானும் அக்காவும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. போகும்போதெல்லாம் சித்தி மகள் எடுத்தது என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. நான் காபியைக் குடித்துவிட்டு வருவேன். வாயைத் திறக்காமல் அந்தக் குடும்பத்தை வாழவைத்தவள் நான் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை வைத்துத்தான் இத்தனை வருஷமும் அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார முடிந்தது.

இந்த ஆனியில் அக்கா முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் குற்றாலம் வந்தவள், என் வீட்டில் நான்கு நாள் இருந்தாள். ஒரு மத்தியானம் வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. இருவரும் தலை உலர்த்திக்கொண்டிருந்தோம். என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கன்றுக்குட்டிப் படம், பூ வைத்த அன்று அதை எடுத்துக்கொண்டு வந்து நின்றது, அவளுக்காக அதை அடுப்பில் போட்டது. அக்கா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் முடியைக் கோதிக்கொண்டே சொன்னாள். "நான் அந்தப் படத்த வாங்கப் போனேன்லா, அன்னைக்கே அண்ணாச்சி சொல்லிட்டாருட்டி. சாரல்ல பிளாஷ் போட்டா இப்படித்தான் விழும்னாரு. ஒந் தங்கச்சிட்ட அன்னைக்கே சொல்லி, அந்தப் புள்ளைட்டயும் சொல்லச் சொன்னேனே, சொல்லலியான்னு கேட்டாரு."

நான் தலை துவட்டிய துண்டை மடியில் வைத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"வீட்டுல வந்து நானும் சொல்லல. சித்தி எண்ண ஆரம்பிச்சா, நான் அடுக்களைக்குள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு அவர வேணும்னு இருந்துச்சு, அதான் வாய மூடிக்கிட்டேன்." அக்கா கையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "பூ வச்ச அன்னைக்கு நீ எதுக்குச் சொல்லலன்னு தெரியுது. அருவிக்கரையில, என் மூஞ்சிக்கு நேர அவ பிளாஷத் தூக்குதா, நீ பக்கத்துல நிக்க. அங்கன நீ எதுக்குட்டி சொல்லல?"